கட்டைவிரலை மட்டும் எடுத்துடாதீங்க

கேள்வி: "வணக்கம் அண்ணா. நாங்க பெங்களூர் ராமமூர்த்தி நகர்ல இருக்கோம். வர்ற சனிக்கிழமை எங்க பத்தாவது கல்யாண நாள், வீட்லயே சின்னதா பார்ட்டி, பெரியவங்க பத்து பேர், குட்டீஸ் நாலு பேர். வீட்டுக்காரருக்கு ஆபீஸ்ல ஸ்பார்க்ளிங் வைன் பாட்டில் ஒண்ணு கிஃப்டா குடுத்திருக்காங்க. போன நியூ இயருக்கு இவர் ஃப்ரெண்டு இதே மாதிரி ஒண்ண எங்க ஹால்ல திறந்தார், கார்க் பறந்து போய் ஓடிட்டிருந்த ஃபேன்ல பட்டு திரும்பி வந்து இவர் புருவத்துல அடிச்சு வீங்கிப்போச்சு. அதுல இருந்து என் மாமியார் அந்த வெடிகுண்டை வீட்டுக்குள்ள எடுத்துட்டு வராதீங்கன்னு சொல்றாங்க. இவரோ சத்தமா திறந்து வீடியோ எடுக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கறார். பயமில்லாம திறக்க வழி இருக்கா? ஃப்ரீசர்ல வெச்சா போதுமா? வைன் திறக்கற ஸ்க்ரூ வாங்கி வெச்சிருக்கேன், அது சரியா வருமா? மீந்தா என்ன பண்ண? என் பேரை போடாதீங்க."

பதில்:

முதல்ல அந்த ஸ்க்ரூவை எடுத்து டிராயர்ல போட்டு மூடுங்க மா. அது சாதா வைனுக்கு, உள்ள பிரஷர் இல்லாத பாட்டிலுக்கு. ஸ்பார்க்ளிங் பாட்டில் கார்க்ல ஸ்க்ரூவை குத்தி இழுத்தீங்கன்னா நீங்க இழுக்கறதும் உள்ள இருக்கற கேஸ் தள்றதும் ஒரே பக்கம் சேர்ந்துடும், கார்க்கோட ஸ்க்ரூவும் சேர்ந்து பறக்கும், கார்க்காவது பரவால்ல, ஸ்க்ரூ முனை எங்க போய் குத்தும்னு சொல்ல முடியாது.

ரெண்டாவது, உங்க மாமியார் சொன்னதுல தப்பே இல்லை. அவங்களுக்கு புரியற மாதிரியே சொல்றேன். ராத்திரி இட்லி மாவை அரைச்சு டப்பா நிறைய ஊத்தி மூடியை இறுக்கிட்டு படுத்தா காலையில மூடி ஒரு பக்கம் தூக்கிட்டு மாவு மேடையெல்லாம் வழிஞ்சிருக்கும்ல, அதே வேலைதான் இந்த பாட்டில்லயும் நடந்திருக்கு. ஒரு தடவை புளிச்சு வைன் ஆனதை பாட்டில்ல ஊத்தி, கொஞ்சம் சக்கரையும் ஈஸ்ட்டும் போட்டு மூடிடறாங்க, ஈஸ்ட் சக்கரையை தின்னு கேஸ் விடும், மாவு டப்பா மாதிரி மூடி திறந்து வழிய இங்க வழி இல்லை, அதனால அந்த கார்பன் டை ஆக்சைடு பூரா வைனுக்குள்ளயே கரைஞ்சு உக்காந்திருக்கும். பிரான்ஸ் ஷாம்பெயின்ல இப்படித்தான், நம்ம நாசிக்ல வர்ற சூலா ப்ரூட் கூட இந்த முறைதான். இத்தாலி ப்ரொசெக்கோவை மட்டும் பெரும்பாலும் பெரிய டேங்க்ல புளிக்க விட்டு அப்புறம் பாட்டில்ல அடைப்பாங்க, பிரஷர் கொஞ்சம் கம்மியா இருக்கும், அதுக்காக அசால்ட்டா இருக்கற அளவுக்கு கம்மி இல்லை.

எவ்வளவு பிரஷர்னா, வீட்டு குக்கர் விசில் அடிக்கறப்ப உள்ள ஏறியிருக்கறது சுமார் 15 பி.எஸ்.ஐ. பெட்ரோல் பங்க்ல கார் டயருக்கு காத்து அடிக்க 32, 33ன்னு சொல்றோம்ல, அதுவும் அதே கணக்குதான். இந்த பாட்டில்ல 80, 90 இருக்கும். ஆறு குக்கரோட பிரஷர் ஒரு பாட்டில் கழுத்துல, விசில் வேற கிடையாது! கழுத்தோட உள் அகலம் 2 செ.மீ.க்கும் கொஞ்சம் கம்மி, அந்த இத்துனூண்டு இடத்துல கார்க்கை சுமார் 15 கிலோ பாரத்துல கீழ இருந்து தள்ளிட்டே இருக்கு, பாட்டிலை அடைச்ச நாள்ல இருந்து இந்த நிமிஷம் வரைக்கும் ராப்பகலா. அதை பிடிச்சு வெச்சிருக்கறது கண்ணாடியோட கார்க்குக்கு இருக்கற இறுக்கமும் மேல சுத்தியிருக்கற கம்பியும்தான். அந்த கம்பி சும்மா அழகுக்குன்னு நிறைய பேர் நினைக்கறாங்க. 1844ல அடால்ஃப் ஜாக்ஸன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் அதுக்கு பேட்டண்ட் வாங்கினார், அதுக்கு முன்னாடி சணல் கயிறு வெச்சு கட்டிட்டு இருந்தாங்க. அந்த காலத்துல ஷாம்பெயின் கிடங்குல வேலை பாத்தவங்க மூஞ்சிக்கு இரும்பு கவசம் மாட்டிட்டுதான் உள்ள போவாங்களாம், எந்த பாட்டில் எப்ப வெடிக்கும்னு தெரியாது.

நம்ம ஊர் கோலி சோடாவை நினைச்சு பாருங்க. கடைக்காரர் கட்டைவிரலை வெச்சு ஒரே அழுத்து, கோலி உள்ள விழும், சத்தம் வரும், கேஸ் வெளிய வரும், கோலி எங்கயும் போகாது. எவ்வளவு புத்திசாலித்தனமான டிசைன், அடைப்பு உள்பக்கம் விழற மாதிரி பண்ணிட்டாங்க. இங்க அடைப்பு வெளிய வரும், நம்ம மூஞ்சிய பாத்து வரும். அங்கயும் இங்கயும் ஒண்ணேதான் முக்கியம், கட்டைவிரல்.

நான் இந்த ஊர் ஹோட்டல்கள்ல 20 வருஷத்துக்கு மேல ஆச்சு, பேங்க்வெட் ஸ்டீவர்டா சேந்து இப்ப புதுசா வர்ற பசங்களுக்கு பார் சர்வீஸ் சொல்லிக்குடுக்கறேன். பசங்களுக்கு முதல் நாள் நான் சொல்றது இதுதான், இந்த பாட்டிலை நீ திறக்க வேணாம்டா, அது தானா திறந்துக்கும், திறக்க விடாம பிடிச்சுக்கறதுதான் உன் வேலை. கேக்கறப்ப சிரிப்பாங்க. முதல் பாட்டில் கைக்குள்ள வர்றப்ப சிரிப்பு நின்னுடும்.

இதை நான் கத்துக்கிட்டது அடிபட்டுதான். சேந்த முதல் வருஷம், டிசம்பர் 31 ராத்திரி, மேசை மேல பன்னெண்டு பாட்டில், பன்னெண்டு மணிக்கு எல்லாத்தையும் ஒரே நேரத்துல திறக்கணும், நான் பெரிய புத்திசாலி மாதிரி பதினொன்னே முக்காலுக்கே எல்லா பாட்டிலுக்கும் கம்பியை கழட்டி ரெடியா வரிசையா நிக்க வெச்சுட்டேன். ரூம்ல கூட்டம், லைட் சூடு, பாட்டில் மெல்ல சூடேறுது. யாரும் தொடலை, மூணாவது பாட்டில் கார்க் தானா கிளம்பி ஃபால்ஸ் சீலிங்கை ஒரு ஓட்டை போட்டுது, கவுண்ட் டவுன் ஆரம்பிச்சுட்டாங்கன்னு நினைச்சு ஜனங்க ஹேப்பி நியூ இயர்னு கத்த ஆரம்பிச்சுட்டாங்க. எங்க கேப்டன் கன்னடத்துலயும் தமிழ்லயும் மாத்தி மாத்தி என்னை திட்டினதை இங்க எழுத முடியாது. மிச்ச பதினொரு பாட்டிலையும் ஒவ்வொண்ணா கார்க் மேல கையை வெச்சு அழுத்திட்டு அவர்தான் மறுபடி கம்பி மாட்டினார், என்னை தூரமா நிக்க சொல்லிட்டு. அந்த பாட்டில் பக்கத்துல எவனாவது குனிஞ்சு லேபிளை படிச்சிட்டு இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு இன்னைக்கும் யோசிப்பேன்.

அதனால கார்க் பறக்கறதுதான் ஆபத்துன்னு நினைக்காதீங்க, ஆபத்து அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சாச்சு. கம்பி தளர்ந்ததுல இருந்து கார்க் உங்க உள்ளங்கைக்குள்ள வந்து உக்கார்ற வரைக்கும் அரை நிமிஷமோ ஒரு நிமிஷமோ, அந்த நேரத்துல கை கார்க்கை விட்டு போகக்கூடாது. போன் அடிச்சா எடுக்கக்கூடாது, யாராவது இங்க பாருங்க ஸ்மைல்னு சொன்னா திரும்பக்கூடாது, டவல் எங்கன்னு தேடக்கூடாது. உங்க வீட்டுக்காரர் ஃப்ரெண்டும் போன வருஷம் கம்பியை முழுசா கழட்டி கீழ வெச்சுட்டுதான் ஆரம்பிச்சிருப்பார்னு நினைக்கறேன், எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க.

இப்ப குளிர்ச்சி. பாதி பாதுகாப்பு இதுலதான் இருக்கு. கேஸ் குளிர்ல வைனுக்குள்ள அடங்கி கரைஞ்சிருக்கும், சூட்டுல வெளிய வர துடிக்கும், பாட்டில் சூடா இருந்தா பிரஷர் எகிறும், அவ்வளவுதான் சயின்ஸ். சனிக்கிழமை சாயங்காலம் பார்ட்டின்னா காலையிலயே ஃப்ரிட்ஜ்ல வெச்சுடுங்க, குறைஞ்சது மூணு நாலு மணி நேரம் வேணும். ஃப்ரிட்ஜ் கதவுல வைக்காதீங்க, குட்டீஸ் நாலு பேர் இருக்கற வீட்ல அந்த கதவு நிமிஷத்துக்கு ஒரு தடவை திறக்கும், பாட்டில் குலுங்கிட்டே இருக்கும், கீழ் தட்டுல மாவு டப்பாவுக்கு பின்னாடி இடம் பண்ணி வைங்க. ஃப்ரீசர் வேணாம். வெச்சு மறந்துட்டீங்கன்னா வைன் உறைஞ்சு விரிஞ்சு கார்க்கை தள்ளும், இல்ல கண்ணாடியே விட்டுடும், பார்ட்டி நாள்ல எதையும் மறக்க மாட்டோம்னு நினைச்சுக்கறோம், ஆனா பார்ட்டி நாள்லதான் மறப்போம்.

நேரமில்லன்னா பக்கெட். பாதி ஐஸ் பாதி தண்ணி, ஒரு கைப்பிடி கல்லுப்பு, அரை மணி நேரம். வெறும் ஐஸ்கட்டியை கொட்டி பாட்டிலை நட்டு வெக்கறாங்க நிறைய பேர், ஐஸ் அங்கங்க தொட்டும் தொடாம நிக்கும், லேட்டாகும், தண்ணி ஊத்தினாத்தான் சுத்தி பூரா ஒட்டி குளிரும். கழுத்து வரைக்கும் முங்கணும், இதை ஹோட்டல்லயே கவனிக்க மாட்டாங்க, அடி ஜில்லுனு கழுத்து வெதுவெதுன்னு இருந்தா திறந்ததும் மேல இருக்கறது பொங்கிடும். வெளிய எடுத்ததும் நல்லா துடைங்க, ஈர பாட்டில் வழுக்கும், இந்த பாட்டில் காலியாவே முக்கால் கிலோவுக்கு மேல கனம், டைல்ஸ்ல விழுந்துச்சுன்னா கார்க்குக்கு பயந்தது போய் கண்ணாடிக்கு பயப்படணும்.

ஆபீஸ்ல இருந்து ஸ்கூட்டர்லயோ ஆட்டோலயோ எடுத்துட்டு வந்தாரான்னு நீங்க எழுதலை, கே.ஆர். புரம் பாலத்தை தாண்டி அந்த குழியெல்லாம் ஏறி இறங்கி வந்த பாட்டிலை அன்னைக்கே திறக்கக்கூடாது. குலுக்கினா பிரஷர் ஏறிடும்னு சொல்வாங்க, உண்மையில பிரஷர் பெருசா ஏறாது, கேஸ் பொடிப்பொடி குமிழியா வைன் பூரா சிதறி நிக்கும், திறந்த நிமிஷம் ஒவ்வொரு குமிழியும் பெருசாகி மொத்த வைனையும் தூக்கிட்டு வெளிய வரும். ஒரு ராத்திரி ஆடாம வெச்சீங்கன்னா அடங்கிடும்.

திறக்கற இடம். ஃபேனை ஆஃப் பண்ணுங்க, அனுபவப்பட்டவங்களுக்கு நான் சொல்ல வேணாம். ட்யூப்லைட், டி.வி., சாமி ரூம் கண்ணாடி, இது எதுவும் நேரா இல்லாத ஒரு வெத்து சுவரை பாத்து நில்லுங்க. பால்கனிக்கு போய் வெளிய பாத்து திறக்கலாம்னு சில பேருக்கு ஐடியா வரும், அப்பார்ட்மெண்ட்ல கீழ வாக்கிங் போற ஆளோட தலை இருக்கு, கிரில் இருந்தா பட்டு நம்மகிட்டயே திரும்பி வரும். குட்டீஸை பின்னாடி நிறுத்துங்க, உங்க பின்னாடி, பக்கவாட்டுல இல்ல. கண்ணாடி போடறவரா இருந்தா போட்டுட்டே திறக்க சொல்லுங்க.

சரி, கைக்கு வருவோம். நான் வலது கைப்பழக்கத்துக்கு சொல்றேன், இடதுன்னா மாத்திக்கோங்க.

மேல ஃபாயில் இருக்கும், ஓரத்துல சின்னதா வால் நீட்டிட்டு இருக்கும், அதை பிடிச்சு சுத்தி இழுத்தா வந்துடும், வால் இல்லன்னா கம்பிக்கு கீழ கத்தியால கீறி உரிச்சுடுங்க. இது வரைக்கும் பயம் இல்லை. இப்ப பாட்டிலை மேசை மேல வெச்சு, இடது கை கட்டைவிரலை கார்க் தலை மேல இருக்கற அந்த தகட்டு மேல அழுத்தி வைங்க. வெச்சாச்சா, இனிமே அந்த விரல் எடுக்கறதுக்கு இல்லை. கம்பில ஒரு சின்ன வளையம் மடிஞ்சு கிடக்கும், அதை வலது கையால நிமித்தி இடது பக்கமா திருப்புங்க, அரை அரைச் சுத்தா ஆறு தடவை, பொதுவா எல்லா பாட்டிலுக்கும் ஆறுதான், ஏழு ஆனாலும் கவலை இல்லை. கம்பி தளர்ந்துடும். தளர்ந்துட்டா போதும், கழட்டாதீங்க! கம்பியோட சேத்தே கார்க்கை பிடிங்க, கைக்கு நல்ல பிடிமானம் அது, கார்க் வழுக்காது. கம்பியை கழட்டணும்னா கையை எடுத்தாகணும், எடுக்கவே கூடாதுன்னுதான் இவ்வளவு நேரம் கத்திட்டு இருக்கேன்.

மேல ஒரு கனமான துணி போடுங்க, கிச்சன் டவல் போதும், அந்த பூத்துவாலை எல்லாம் வேணாம், பருத்தியா இருக்கணும். உள்ளங்கை பூரா கார்க்கை மூடணும். அப்புறம் பாட்டிலை சாய்ங்க, சுவர்ல சாத்தின ஏணி மாதிரி, 45 டிகிரி, அடிப்பாகம் உங்க இடுப்புல முட்டு குடுத்து நிக்கட்டும். சாய்க்கறது ஏன்னா நிமிந்த பாட்டில்ல வைனோட மேல்பரப்பு ஒரு ரூபா காசு அளவுதான், சாய்ச்சா நீளமா விரியும், நுரை நெருக்கி அடிச்சுட்டு மேல ஏறாம பரவி அடங்கிடும்.

இப்பத்தான் முக்கியமான இடம். கார்க்கை திருகாதீங்க, பாட்டிலை திருகுங்க. கார்க்கை பிடிச்ச கை ஆடாம நிக்கணும், அடிப்பாகத்தை பிடிச்ச கை பாட்டிலை மெதுவா சுத்தணும். கார்க்கை திருகினா விரல்தான் வலிக்கும், கார்க் தலை முறிஞ்சு பாதி உள்ள நின்னா பெரிய தலைவலி. பாட்டில் அடி அகலம், அதை திருப்ப பலமும் கம்மியா போதும், அளவும் கையில நிக்கும். ரெண்டு மூணு தடவை முன்னும் பின்னும் அசைச்சதும் கார்க் லேசா நகர்றது உள்ளங்கைல தெரியும், அந்த நிமிஷம் எல்லாரும் பண்ற தப்பு இழுக்கறது. இழுக்காதீங்க, உள்ள தள்ளுங்க. அது வெளிய வர வர நீங்க உள்ள தள்ளணும், கன்னுக்குட்டி முட்டறப்ப நெத்தில கையை வெச்சு தாங்குவோம்ல, அப்படி, அது ஜெயிக்கட்டும் ஆனா மெதுவா ஜெயிக்கட்டும். கடைசி நொடில கார்க்கை ஒரு பக்கமா லேசா சாய்ச்சா ஓரத்துல சின்ன இடுக்கு கிடைச்சு கேஸ் போகும், ஸ்ஸ்ஸ்னு ஒரு சத்தம், குக்கர் வெயிட்டை ஸ்பூனால லேசா தூக்கினா வருமே அது மாதிரி. அவ்வளவுதான். கார்க் கைல, கம்பி கைல, ஒரு சொட்டு கீழ இல்லை. உடனே நிமித்தாதீங்க, அஞ்சாறு நொடி அதே சாய்வுல வெச்சுட்டு அப்புறம் நிமித்துங்க.

வரலைன்னா? சில கார்க் பிடிவாதமா இருக்கும். அப்ப கம்பியை மறுபடி இறுக்கிட்டு மேசைல வெச்சு கையை உதறிக்கோங்க, ரப்பர் கிளவுஸ் போட்டுட்டு பாட்டிலை பிடிச்சு மறுபடி முயற்சி பண்ணுங்க. கழுத்துல வெந்நீர் ஊத்தறது, கத்தியால நெம்பறது, தொடைக்கு நடுவுல இடுக்கிட்டு குனியறது, இது எல்லாத்தையும் நான் கண்ணால பாத்திருக்கேன், மூணுமே கூடாது, முக்கியமா பாட்டிலுக்கு நேர் மேல முகம் வரவே கூடாது. கார்க் தலை முறிஞ்சு போச்சுன்னா உள்ள நிக்கற மிச்சமும் எப்ப வேணாலும் வரும்னு நினைச்சுக்கோங்க, துணியை சுத்தி ஆள் இல்லாத பக்கம் வாயை திருப்பி ஃப்ரிட்ஜ்ல படுக்க வெச்சுட்டு அன்னைக்கு ஜூஸ் குடிங்க. சில விலை கம்மி பாட்டில்ல பிளாஸ்டிக் அடைப்பு வரும், அது இன்னும் மோசம், இறுக்கமா இருக்கற மாதிரி இருந்து திடீர்னு வழுக்கி கிளம்பிடும்.

குட்டீஸ்னு எழுதினீங்க, அதனால இதையும் சொல்றேன். ஆல்கஹால் இல்லாத ஸ்பார்க்ளிங் கிரேப் ஜூஸ் இதே மாதிரி பாட்டில்ல வருது, பிறந்த நாளுக்கு வாங்கி குழந்தை கைலயே குடுத்து திறடா ராஜான்னு சொல்றாங்க. ஜூஸ்தானேன்னு நினைக்காதீங்க. கார்க் வெச்சு அடைச்சிருந்தா அதுக்கும் இதே மரியாதைதான், பெரியவங்கதான் திறக்கணும்.

இப்ப உங்க வீட்டுக்காரர் சத்தம். கட்டுப்பாடு இல்லாம கிளம்பற கார்க் மணிக்கு 80 கிலோமீட்டர் வரைக்கும் போகும்னு கண் டாக்டர்கள் சொல்றாங்க. நைஸ் ரோட்ல கார் போற ஸ்பீடு. நாலடி தூரத்துல கண்ணை மூடிக்க நேரம் கிடையாது. 2022 மே மாசம் ஜீரோ டி இத்தாலியா சைக்கிள் ரேஸ்ல எரித்ரியாக்காரர் பினியம் கிர்மாய் ஒரு ஸ்டேஜ், அதாவது ஒரு நாள் ஓட்டம், ஜெயிச்சார், அந்த மாதிரி பெரிய ரேஸ்ல ஸ்டேஜ் ஜெயிச்ச முதல் கறுப்பின ஆப்பிரிக்கர் அவர்தான், போடியத்துல ப்ரொசெக்கோ பாட்டிலை திறக்கறப்ப கார்க் அவர் இடது கண்ல அடிச்சுது, மறுநாள் ரேஸ்ல இருந்தே விலக வேண்டியதா போச்சு. இத்தனைக்கும் வெட்ட வெளி, ஃபேன் இல்லை, சீலிங் இல்லை. இந்த குலுக்கி பீச்சற பழக்கமே 1967ல லெ மான்ஸ் கார் ரேஸ் ஜெயிச்ச டான் கர்னி பண்ணதுல இருந்து பிடிச்சுக்கிட்டதுதான், ஆனா அவர் ஹால்ல சோபாவுக்கும் டி.வி.க்கும் நடுவுல நின்னு பண்ணலை. வாள் எடுத்து பாட்டில் கழுத்தை வெட்டற ரீல்ஸ் பாத்துட்டு வந்து கத்தி கேப்பார், குடுக்காதீங்க, கண்ணாடி சில்லு எங்க விழும்னு யாராலயும் சொல்ல முடியாது. வீடியோ வேணும்னா ஊத்தறதை எடுக்க சொல்லுங்க, குமிழி ஏறறது க்ளோஸப்ல சூப்பரா இருக்கும், சத்தத்துக்கு குட்டீஸ் கைல ஆளுக்கு ஒரு பலூனும் குண்டூசியும் குடுத்துடுங்க.

கண் விஷயம் இன்னொண்ணு. போன வருஷம் புருவத்துல பட்டப்ப கண் டாக்டர்கிட்ட காட்டினீங்களான்னு நீங்க சொல்லலை. காட்டலைன்னா இப்பவாவது ஒரு தடவை சொட்டு மருந்து விட்டு கண் பாப்பாவை விரிச்சு விழித்திரையை பாக்கற செக்கப் பண்ணிடுங்க, வெளிய வீக்கம் வத்திடும், உள்ள விழித்திரைல கிழிசல் இருந்தா மாசக்கணக்கு கழிச்சுகூட தொந்தரவு குடுக்கலாம். கண் முன்னாடி கறுப்பா பொட்டு பொட்டா மிதக்கறது, ஓரத்துல மின்னல் மாதிரி வெட்டறது, திரை இழுத்த மாதிரி ஒரு பக்கம் மறையறது, இதுல எது இருந்தாலும் அன்னைக்கே போகணும். யாருக்காவது கண்ல பட்டுடுச்சுன்னா தேய்க்காதீங்க, அழுத்தாதீங்க, பன்னீர் விடறது தாய்ப்பால் விடறதுன்னு பெரியவங்க ஆரம்பிப்பாங்க, கையெடுத்து கும்பிட்டு தடுத்துடுங்க. ஒரு பேப்பர் கப்பை கண்ணை தொடாம கவுத்து டேப் ஒட்டி நேரா எமர்ஜென்ஸி இருக்கற கண் ஆஸ்பத்திரிக்கு. தீபாவளிக்கு பட்டாசு கேஸ் பாக்கற மின்டோ கண் ஆஸ்பத்திரி உங்களுக்கு தெரிஞ்சிருக்கும், நான் டாக்டர் இல்லை, அங்க சொல்றதுதான் கடைசி வார்த்தை.

ஊத்தறதுக்கு வருவோம். 750 மில்லி பாட்டில்ல ஹோட்டல் கணக்குக்கு ஆறு கிளாஸ், ஒரு கிளாஸ் 125 மில்லி. பத்து பேருக்கு ஒரு பாட்டில்னா ஆளுக்கு 75 மில்லி வரும், சியர்ஸ் சொல்ல போதும், அதுக்கு மேல எதிர்பாக்காதீங்க. கிளாஸை பீருக்கு சாய்ப்போம்ல அந்த மாதிரி சாய்ச்சு ஓரமா ஊத்துங்க, நிமித்தி வெச்சு ஊத்தறதுதான் ஸ்டைல்னு நானும் ரொம்ப நாள் நினைச்சிருந்தேன், 2010ல பிரான்ஸ் ரேம்ஸ் யுனிவர்சிட்டில அளந்து பாத்து சாய்ச்சு ஊத்தினாத்தான் கேஸ் அதிகம் தங்குதுன்னு சொல்லிட்டாங்க. முதல்ல எல்லா கிளாஸ்லயும் ரெண்டு விரல்கடை, நுரை அடங்கினதும் மறுபடி ஒரு சுத்து. கிளாஸ்ல பாத்திரம் விளக்கற சோப் ஒட்டியிருந்தா நுரை செத்துடும், நல்லா அலசி வைங்க. எவர்சில்வர் டம்ளர்ல ஊத்தினாலும் குத்தம் இல்லை, குமிழி தெரியாது அவ்வளவுதான்.

லேபிள்ல ப்ரூட்னு போட்டிருந்தா இனிப்பு இருக்காது, முதல் வாய்க்கு முகம் சுளிப்பாங்க, புளிச்சுப்போச்சான்னு கேப்பாங்க. ப்ரூட்டுக்கு எண்ணெய் பலகாரம்தான் ஜோடி, சூடா மெது வடையோ வாழைக்காய் பஜ்ஜியோ போட்டீங்கன்னா அந்த எண்ணெய்யை கழுவி விடும், எனக்கு தெரிஞ்சு இதை விட நல்ல ஜோடி எந்த ஹோட்டல் மெனுலயும் இல்லை. கேக், மைசூர்பாக்கோட குடிச்சா வினிகர் மாதிரி இருக்கும். டெமி செக்னு போட்டிருந்தா இனிப்பு, அப்ப கேக்குக்கு சரி.

கடைசியா மீந்தா என்னன்னு கேட்டீங்க. பத்து பேருக்கு ஒரு பாட்டில்ல மீந்தா அது பெரிய அதிசயம், இருந்தாலும் சொல்றேன். வந்த கார்க் மறுபடி உள்ள போகாது, குடைக்காளான் மாதிரி விரிஞ்சுடும். சாதா வைன் கார்க்கை செருகி வெக்காதீங்க, ஃப்ரிட்ஜுக்குள்ள பிரஷர் ஏறி நடு ராத்திரி அது தனியா ஒரு நியூ இயர் கொண்டாடும். கழுத்துல எவர்சில்வர் ஸ்பூன் தொங்க விட்டா கேஸ் போகாதுன்னு ஒரு கதை இருக்கு, அதுல ஒண்ணும் இல்லை. ரெண்டு பக்கமும் கொக்கி மாதிரி கழுத்தை கவ்விப்பிடிக்கற ஸ்பார்க்ளிங் வைன் ஸ்டாப்பர்னு ஆன்லைன்ல கிடைக்குது, அதை போட்டு ஃப்ரிட்ஜ்ல வெச்சா மறுநாள், மிஞ்சினா அதுக்கடுத்த நாள் வரைக்கும் நுரை இருக்கும். ஸ்டாப்பரை எடுக்கறப்பவும் மேல உள்ளங்கையை வெச்சுட்டு எடுங்க, அதுக்குள்ளயும் கொஞ்சம் கேஸ் சேந்திருக்கும்.

காலி பாட்டிலை எடைக்கு போடாதீங்க, தடி கண்ணாடி, மாமியார்கிட்ட குடுத்தா மணி பிளான்ட் வெச்சுப்பாங்க.